சருமத் தோழன் குணப்படுத்திய கண்டக்டர்

அரிப்பு வந்தால் சொறிய வேண்டும். ஆதாம் காலத்திலிருந்து மனிதகுலம் கண்டு வைத்திருக்கும் வழி இதுதான். சொறிவதற்கு முன்னால் அரிப்பை அளந்து பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. திண்டுக்கல் திருச்சி ரோட்டில் நாலு மாடிக் கட்டடத்தில் இருக்கும் நாள்பட்ட தோல்நோய்ச் சுமை அளவீட்டு மையத்துக்குத் தோன்றியது. தோன்றிய கையோடு அதற்கு நிதியும் வந்துவிட்டதால் பிறகு யாராலும் தடுக்க முடியவில்லை.

இந்த விஷயம் கண்டக்டர் ஜெரோமுக்குத் தெரியாது. அவர் திண்டுக்கல்லிலிருந்து கொடைரோட்டுக்குப் போகும் தனியார் பஸ்ஸில் வேலை பார்க்கிறவர். பத்துப் பன்னிரண்டு வருஷமாக அவருக்கு சொரியாசிஸ். இரண்டு முழங்கையிலும் தொடங்கி, மணிக்கட்டு வழியாக இறங்கி, புறங்கை முழுவதும் வெள்ளை வெள்ளையாகச் செதிலாகப் படர்ந்திருந்தது. தொட்டால் ஒட்டுகிற நோய் இல்லை அது. டாக்டர்கள் எல்லோரும் இதைச் சொல்வார்கள். ஆனால் சின்னாளபட்டி பிரிவில் ஏறும் பயணி டாக்டருக்குப் படித்துவிட்டு ஏறுவதில்லை. காசை ஜெரோமின் கையில் வைக்காமல் சீட்டின்மேல் வைப்பார்கள். டிக்கெட்டை ஓரத்தில் நகத்தால் பிடித்து வாங்குவார்கள். டிரைவருக்குக் கண் எப்படியோ அப்படிக் கண்டக்டருக்குக் கை. அந்தக் கையைப் பார்த்துத்தான் சனம் முகத்தைச் சுளித்தது.

முதலாளி பொன்னுத்துரைக்குப் புகார் போயிற்று. அவர் கெட்டவர் இல்லை. ஆனால் பஸ் முதலாளி.

"ஏலே ஜெரோமு, உம்மேல எனக்கு ஒரு கொறையும் கெடையாது. ஆனா சனம் கையத்தான பாக்குது? ஈஸ்டர் வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள தெளியலைன்னா ஷெட்டுக்கு வந்துரு. வண்டி கழுவ ஆள் வேணும்" என்றார்.

சொரியாசிஸ் கையை நாள் முழுவதும் சோப்புத் தண்ணீரில் முக்குவது என்பது வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுவது. அதை முதலாளியிடம் சொல்லிப் பயனில்லை. ஜெரோம் தலையை ஆட்டிவிட்டு வந்தார். கையைத் தெளிய வைக்கிற ஆயின்மென்ட் ஒன்று இருக்கத்தான் செய்தது. விடாமல் தடவினால் செதில் உதிர்ந்து கை கையாகத் தெரியும். வெளியே வாங்கக் கட்டுப்படியாகாது. மேற்படி மையத்தின் கீழ்த்தளத்தில் ஒரு டாக்டரம்மா இருந்தார். மாதம் ஒருமுறை ஜெரோமின் கையைப் பிடித்து, திருப்பிப் பார்த்து, ஒரு ட்யூப் எழுதிக் கொடுப்பார். காசு கிடையாது. அந்த ட்யூபை நம்பித்தான் அவர் பிழைப்பு ஓடியது.

அடுத்த மாதம் போனபோது டாக்டரம்மாவின் அறை பூட்டியிருந்தது. கதவுக்குமேல் ஒரு பேனர் தொங்கியது. "கையைக் காட்டாதீர்கள், கைப்பேசியைக் காட்டுங்கள்" என்று அதில் எழுதியிருந்தது. பக்கத்தில் மையத்தின் இயக்குநர் முனைவர் மதியழகன் ஒரு போனைப் பிடித்தபடி, பிறந்த குழந்தையை வாங்கிய தாய்மாமன் போலச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பேனருக்குக் கீழே மேசை போட்டு உட்கார்ந்திருந்த பெண்ணின் பெயர் இளவேனில். களப்பணியாளர். நல்ல பெண். நல்ல பிள்ளைகளைத்தான் இந்த மாதிரி மேசைகளில் உட்கார வைக்கிறார்கள்.

"டாக்டரம்மா எங்க தங்கச்சி?"

"மூணாவது மாடில இருக்காங்கண்ணே. அவங்க இப்ப கிராஃப் பாக்குறாங்க. நோயாளிகளைப் பாக்க நேரம் இல்ல."

"அப்ப எங்கையை யாரு பாப்பா?"

"ஆப் பாக்கும்ணே. 'சருமத் தோழன்'னு பேரு. நாங்களே போன் குடுத்துருவோம். அது அப்பப்பக் கேள்வி கேக்கும். நீங்க பதில் சொல்லணும். கையப் படம் எடுத்து அனுப்பணும். எல்லாத்தையும் கூட்டிச் சுமைப் புள்ளி போடும். பதினஞ்சுக்கு மேல வந்தா ட்யூப் உண்டு."

"இந்தா கை இங்கதான இருக்கு. பாத்துட்டு ஒண்ணு குடுத்துரும்மா, வண்டிக்கு நேரமாச்சு."

இளவேனில் கையைப் பார்த்தாள். அவள் முகம் வாடியது. "கை இருக்குண்ணே. ஆனா கைய வச்சுக் கணக்கு எழுத முடியாதாம். தரவுதான் வேணுமாம்" என்று சொல்லிப் புது போனைப் பெட்டியோடு எடுத்துக் கொடுத்தாள்.

மறுநாள் காலையிலேயே சருமத் தோழன் வேலையைத் தொடங்கினான். பஸ் ஸ்டாண்டிலிருந்து வண்டி நகர்ந்து, நிற்க இடமில்லாமல் சனம் நெருக்கிக்கொண்டிருக்க, ஜெரோம் டிக்கெட் கட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு சில்லறை தேடும் நேரமாகப் பார்த்து அவர் சட்டைப்பை அலறியது. கோயில் மணி, கோழி கூவுவது, குழந்தை அழுவது மூன்றையும் கலந்த ஒரு சத்தம். எடுத்துப் பார்த்தால், "இத்தருணத்தில் உங்கள் அரிப்பு எவ்வளவு? பூஜ்யம் முதல் பத்துக்குள் மதிப்பிடுக. இரண்டு நிமிடத்துக்குள் பதில் வராவிடில் அரிப்பு இல்லை எனக் கொள்ளப்படும்" என்று இருந்தது.

அந்த இரண்டு நிமிடத்தில் வெள்ளோடு பிரிவு வந்துவிட்டது. நாலு பேர் இறங்கி ஏழு பேர் ஏறினார்கள். அரிப்பு இல்லை எனக் கொள்ளப்பட்டது.

மூன்றாம் நாள் ஜெரோம் சுதாரித்துக்கொண்டார். போன் அலறினால் முன் சீட்டில் யார் இருக்கிறார்களோ அவர்களிடம் கொடுத்து விடுவது. பூக்கூடையோடு தினமும் வரும் பேச்சாயிதான் பெரும்பாலும் முன் சீட்டில் இருப்பாள்.

"என்ன கேக்குது கண்டக்டரே?"

"அரிப்பு எம்புட்டுன்னு கேக்குதுக்கா. ஏழு போடுங்க."

"நேத்து எட்டுன்னுல்ல சொன்னீக. இன்னைக்கு வந்ததுலருந்து கம்பியில தேச்சுக்கிட்டே இருக்கீக. ஒம்போது போடுறேன்."

பின் சீட்டிலிருந்து தோல் மண்டி வைத்திருக்கும் கிதர் முகம்மது குரல் கொடுத்தார். "பத்தே போடும்மா. மார்க்குன்னு வந்தா கொறைச்சு வாங்குறதாவது?"

"பத்து போட்டா பொய்யின்னு தெரிஞ்சுருமுங்க பாய்" என்றார் ஜெரோம்.

"அரிப்பு உங்களோடதா, அவனோடதா?" என்று கேட்டார் பாய்.

இதற்குப் பின் தினமும் வண்டியில் வாக்கெடுப்பு நடந்தது. முன்பக்கம் எட்டு என்றால் பின்பக்கம் ஒன்பது என்றது. சிரிப்பும் பேச்சுமாக ஜெரோமின் கை ஊருக்கே பொதுவான விஷயமாயிற்று. அவருக்கு ராத்திரி தூக்கமில்லை என்பதும், வெயிலில் கூடுதல், மழையில் குறைவு என்பதும், கூடவே படுக்கும் பெண்டாட்டிக்கு இத்தனை வருஷமாக ஒட்டவில்லை என்பதும் சின்னாளபட்டி வரை எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஒருநாள் பேச்சாயி காசை சீட்டில் வைக்கப் போனவள், போன் வேறு மடியில் இருந்ததால், ஜெரோமின் உள்ளங்கையிலேயே வைத்தாள். வைத்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. ஒன்றும் ஆகவில்லை. மறுநாளும் அப்படியே வைத்தாள். பார்த்து இன்னும் சிலர் வைத்தார்கள். மையம் செய்த ஒரே நல்ல காரியம் இதுதான். இதை அவர்கள் அறிக்கையில் சேர்க்கவில்லை.

புள்ளி மட்டும் ஏறவில்லை. மூன்று நாள் ஒன்பது போட்டதும் சருமத் தோழன், "நீங்கள் சிந்திக்காமல் பதிலளிக்கிறீர்கள்" என்று கோபித்துக்கொண்டான். நாலாம் நாள் ஆறு போட்டதும், "உங்கள் பதில்களில் முரண்பாடு உள்ளது" என்றான். அதோடு, போன் சட்டைப்பையில் இருந்தபடியே கொடைரோடு போய்ப் போய் வந்ததைப் பார்த்து, "ஓட்டப் பயிற்சியில் சிறந்து விளங்குகிறீர்கள், வாழ்த்துகள்" என்று சொல்லி, உடல்திறன் கணக்கில் இருந்த புள்ளியையும் பிடித்துக்கொண்டான்.

ஜெரோம் இளவேனிலிடம் ஓடினார். அவள் கொடைரோட்டு டீக்கடை பெஞ்சில் அவரை உட்கார வைத்து, வாழ்க்கைத் தரக் கேள்விகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். அவற்றை எந்த ஊரில் யார் எழுதினார்களோ, அங்கே வெயில் இல்லை என்று மட்டும் தெரிந்தது.

"போன வாரம் தோல் பாதிப்பால நீச்சல் குளத்துக்குப் போகாம இருந்தீங்களா?"

"எனக்கு நீச்சலே தெரியாதும்மா."

"அப்ப 'பொருந்தாது'. பூஜ்யம். விருந்துக்குக் கூப்பிட்டு, தோல் காரணமா வரலைன்னு சொன்னீங்களா?"

"இந்தக் கையோட பந்தியில உக்காந்தா பக்கத்து எலைக்காரன் எந்திரிச்சுப் போயிருவான். அதுனால யாரும் கூப்புடுறதே இல்ல."

"கூப்பிடலைன்னா வரலைன்னு சொல்ல முடியாதுல்லண்ணே. பொருந்தாது. அரைக்கைச் சட்டை போடத் தயங்கினீங்களா?"

"எங்கிட்ட அரைக்கைச் சட்டையே கெடையாது. பத்து வருஷமா இந்த வேக்காட்டுல முழுக்கைதான் போடுறேன்."

இளவேனில் சற்று யோசித்தாள். "இல்லாத சட்டைக்குத் தயங்க முடியாதுண்ணே" என்று மெதுவாகச் சொன்னாள். கூட்டிப் பார்த்தால் மூன்று வந்தது.

"என்னம்மா இது, எல்லாத்தையும் இதுக்காகத்தான விட்டேன்?"

"விட்டவங்களுக்குச் சுமை இல்லையாம்ணே. இன்னும் விடாதவங்களுக்குத்தான் புள்ளியாம். நான் மேல கேட்டுட்டேன்."

ஜெரோமுக்கு அழுகை வந்தது. டீக்கடையில் அழ முடியாது என்பதால் டீயைக் குடித்தார். ஈஸ்டருக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். கையோ மோசமாகிக்கொண்டு வந்தது. விரல் மடக்கும் இடங்களில் வெடித்து, சில்லறை எடுக்கும்போது ரத்தம் கசிந்தது.

"படம் இருக்குண்ணே. படத்துக்கு மட்டும் இருபது புள்ளி. உங்க கைக்கு முழுசா விழும். நல்ல வெளிச்சத்துல எடுங்க" என்று தைரியம் சொன்னாள் இளவேனில்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, மொட்டை மாடியில், உச்சி வெயிலில் ஜெரோம் கையை நீட்டிப் படம் எடுத்தார். எடுத்துப் பார்த்தால் போனில் இருந்தது அவருடைய கை இல்லை. மருதாணிக்குக் காத்திருக்கும் கல்யாணப் பெண்ணின் கை. செதில் இல்லை, வெடிப்பு இல்லை, ஒரு மயிர்கூட இல்லை. சருமத் தோழன் ஒரு பூங்கொத்தை அசைத்து, "தெளிவான சருமம். சுமை பூஜ்யம்" என்றான். ஜெரோம் இடது கையை எடுத்தார். அதுவும் மணப்பெண்தான். முழங்கையை எடுத்தார். முழங்கையே இல்லாமல் வழவழவென்று வந்தது. வெயில்தான் கண்ணைக் கூசுகிறதோ என்று அவர் படிக்கட்டு நிழலில் போய் எடுத்தார். இன்னும் அழகாக வந்தது.

அவர் மனைவி ஐரின் அரைத்துக்கொண்டிருந்த மசாலாவை விட்டுவிட்டு மேலே வந்தாள். போனை வாங்கித் தன் முகத்துக்கு நேராகப் பிடித்து ஒரு படம் எடுத்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். வெகுநேரம் நின்றாள்.

"ஏங்க, சின்ன வயசுல அம்மை போட்ட தழும்பு கன்னம் பூராக் கெடக்குல்ல. அது ஒண்ணத்தையும் காணோம். எந்தங்கச்சியவிட நான் நெறமா இருக்கேன்."

"அப்ப போன்தான் பொய் சொல்லுதா?"

"போனு பொய் சொல்லல. அழகாக் காட்டுது. கல்யாண வீட்டுல பொம்பளப் பிள்ளைக எடுக்குற போனு இது. இதப் போயா தோல் வியாதிக்கு வாங்குனாக?"

அதைத்தான் வாங்கியிருந்தார்கள். விஷயம் பிறகு இளவேனில் மூலமாகத் தெரிய வந்தது. கொள்முதல் குழு நல்ல கேமரா உள்ள போனாக வாங்க முடிவு செய்து, ஏழெட்டு போன்களை மேசைமேல் பரப்பி, ஒவ்வொன்றிலும் இயக்குநரைப் படம் எடுத்துப் பார்த்தது. எந்த போனில் இயக்குநர் முப்பது வயதுக்காரராகத் தெரிந்தாரோ அந்த போன் ஒருமனதாகத் தேர்வாயிற்று. அழகுபடுத்தும் வசதியை யாரும் அணைத்துவிடாதபடி, தரவுப் பாதுகாப்பு என்ற பெயரில் பூட்டும் போட்டுவிட்டார்கள். பூட்டுக்குப் பேர்போன ஊர். இளவேனில் இதைப் பற்றி மேலிடத்துக்கு எழுதினாள். "படங்களின் தரம் உயர்ந்திருப்பதைச் சுட்டிக்காட்டியமைக்கு நன்றி" என்று பதில் வந்தது.

சில வாரங்களில் மாவட்டம் முழுவதும் தோல்நோய் ஒழிந்துவிட்டது. பழநிப் பக்கம் கீரனூரில் ஒழிந்தது. தோல் பதனிடும் தொழிலாளிகளிடம் ஒழிந்தது. மூன்றாவது மாடியில் கிராஃப் கோடு, பாறையிலிருந்து உருட்டிவிட்ட குடம் மாதிரி விழுந்து தரையைத் தொட்டது. டாக்டரம்மா மட்டும் ஒருமுறை, கீழே போய் ஒன்றிரண்டு கைகளைப் பார்த்து வரட்டுமா என்று கேட்டிருக்கிறார். "கண்ணால் பார்ப்பதெல்லாம் ஆதாரமாகாது டாக்டர்" என்று இயக்குநர் அவரைத் திருத்தினாராம்.

வெற்றி விழா சின்னாளபட்டியில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஏற்பாடாயிற்று. பூஜ்யம் வாங்கிய எல்லோருக்கும் அழைப்பு, மதியம் சாப்பாடு. ஜெரோம் ஓட்டத்திலும் முதலிடம் வந்திருந்ததால் நட்சத்திரப் பயனாளி. அவருடைய முதலாளி என்ற முறையில் பொன்னுத்துரைக்கும் முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள்.

"நான் போகலடி. குணமாகிருச்சுன்னு மாலை போடப் போறாங்க. மொதலாளி வேற பக்கத்துலருந்து பாப்பாரு" என்றார் ஜெரோம்.

"போங்க" என்றாள் ஐரின். "அம்புட்டுப் பெரிய ஆளுக வாராங்க. மேடையில வச்சு ட்யூபக் கேளுங்க. நாலு பேரு முன்னால இல்லைன்னு சொல்ல மாட்டாங்க."

போனார். டிரைவர் சடையாண்டியும் சாப்பாட்டுக்காகக் கூட வந்தார். மண்டபம் நிரம்பியிருந்தது. வந்தவர்கள் எல்லோரும் குணமானவர்கள். சொறிந்துகொண்டே உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் ஒரு பெரிய திரை. அதன் பக்கத்தில் அட்டைப் பெட்டிகள் மனித உயரத்துக்கு அடுக்கி, மேலே சாமந்தி மாலை போட்டிருந்தது. பெட்டிகளில் என்ன இருக்கிறது என்று ஜெரோமுக்கு எழுத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அத்தனையும் ஆயின்மென்ட்.

முனைவர் மதியழகன் பேச எழுந்தார்.

"பெரியோர்களே, தாய்மார்களே, தரவாளர்களே. உங்களை நோயாளிகள் என்று அழைக்கும் காலம் மலையேறிவிட்டது. முன்பெல்லாம் தோல்நோய் வந்தவர் டாக்டரிடம் வருவார். டாக்டர் அவர் தோலைப் பார்ப்பார். எவ்வளவு பின்தங்கிய முறை என்று எண்ணிப் பாருங்கள். இன்று ஒருவர் தோலையும் பார்க்காமலே இந்த மாவட்டத்தின் தோல் முழுவதையும் நான் அறிவேன். எந்த விரலால் சொறிந்தீர்களோ அதே விரலால் இன்று தகவல் தருகிறீர்கள். விரல் அதேதான். அதன் தகுதி உயர்ந்திருக்கிறது."

கைதட்டல். மையத்தின் ஊழியர்கள் முன்வரிசையில் இருந்ததன் காரணம் தெரிந்தது.

"சுமை எப்படிக் குறைந்தது என்று டெல்லியிலிருந்து கேட்கிறார்கள். மருந்தாலா? இல்லை. இதோ மருந்து." பெட்டிகளைக் காட்டினார். "ஒரு ட்யூபின் மூடியைக்கூட நாங்கள் திறக்கவில்லை. மருந்து கொடுத்துக் குணப்படுத்துவது எவரும் செய்யக்கூடியது. நாங்கள் கொடுக்காமல் குணப்படுத்தியிருக்கிறோம். அடுத்தபடியாக நம் நட்சத்திரப் பயனாளி திரு ஜெரோம். இவர் திண்டுக்கல்லுக்கும் கொடைரோட்டுக்கும் இடையே நாள்தோறும் பலமுறை ஓடுகிறார். சராசரி வேகம் மணிக்கு நாற்பது கிலோமீட்டர். சில இடங்களில் எழுபதையும் தொட்டிருக்கிறார்."

எல்லோரும் திரும்பி ஜெரோமின் தொந்தியைப் பார்த்தார்கள். "அம்பாத்துரை எறக்கத்துல நான் தொட்டது" என்று சடையாண்டி பக்கத்து ஆளிடம் அடக்கமாகச் சொன்னார்.

"கடைசியாக ஒன்று. தோல்நோயாளியைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று நினைப்பவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் அறியாமையில் உழல்பவர்கள். படிப்பறிவில்லாத சிலர் பஸ்களில்கூட இப்படி நடந்துகொள்வதாகக் கேள்விப்படுகிறேன். வெட்கம்."

முன்வரிசையில் பொன்னுத்துரை வேட்டியைச் சரி செய்துகொண்டார்.

ஜெரோமை மேடைக்கு அழைத்தார்கள். சால்வை போர்த்தினார்கள். இளவேனில் தலையைக் குனிந்தபடி அவர் கையை போனுக்கு நேரே பிடிக்கச் சொன்னாள். திரையில், சுவர் அளவுக்கு, மணப்பெண்ணின் கை தெரிந்தது. சபை திரையைப் பார்த்துக் கைதட்டியது. திரைக்கு மூன்றடி பக்கத்தில் வெடித்துப்போய் நிஜக் கை இருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை.

"சார், கை குடுக்குற மாதிரி ஒண்ணு" என்றார் போட்டோக்காரர்.

இயக்குநர் சிரித்த முகத்தோடு கையை நீட்டிக்கொண்டு வந்தார். பாதி வழியில் அவர் கண் திரையிலிருந்து இறங்கி ஜெரோமின் கைக்கு வந்தது. நீட்டிய கை நின்றது. அந்தரத்தில் சற்றே தடுமாறியது. பிறகு மற்றக் கையைத் துணைக்கு அழைத்துக்கொண்டு மார்புக்கு ஏறி வணக்கமாகிவிட்டது.

"நம் பண்பாடு வணக்கம்தானே" என்றார் இயக்குநர்.

"சார், ரிப்போர்ட்ல கை குலுக்குறதுன்னு போட்டிருக்கு" என்று போட்டோக்காரர் விடவில்லை. இயக்குநர் துணை இயக்குநரைப் பார்த்தார். துணை இயக்குநர் அவசரமாகக் கும்பிட்டார். அவருக்கு அடுத்தவர் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நிதி அதிகாரிக்கு போன் வந்தது. மணி அடிக்காமலே வந்தது.

ஜெரோமுக்குக் கோபம் வந்தது. பஸ்ஸில் காசை சீட்டில் வைத்தவர்கள்மேல் அவருக்கு ஒருநாளும் கோபம் வந்ததில்லை. அவர்கள் பயந்தவர்கள். குணமாகிவிட்டது என்று மைக்கில் சொன்னவர்கள் இவர்கள். நீட்டிய கையை மடக்காமல் அவர் இயக்குநரை நோக்கி ஓரடி எடுத்து வைத்தார்.

"கை குடுங்க சார்."

இயக்குநர் ஓரடி பின்னால் போனார். நிறைந்த பஸ்ஸில் ஆளுக்கு ஆள் நடுவே நெளிந்து போய்ப் பழகிய உடம்பு ஜெரோமுடையது. மேடை அவருக்கு மைதானம். இயக்குநர் நாற்காலிக்குப் பின்னால் போனால் இவர் முன்னால் வந்தார். மேசையைச் சுற்றினால் எதிர்ச்சுற்றில் வந்து நின்றார். முகத்தில் மரியாதை, வாயில் ஒரே வார்த்தை.

"கை குடுங்க சார். எனக்குத்தான் கொணமாயிருச்சே."

கடைசியில் இயக்குநர் ஆயின்மென்ட் பெட்டிகளில் முதுகு முட்டி நின்றார். சாமந்தி மாலை சரிந்து அவர் தோளில் விழுந்தது. "என்னப்பா வேணும் உனக்கு?" என்று மெல்லிய குரலில் கேட்டார்.

"ஆயின்மென்ட் சார்."

"குடுங்க. எடுத்துக் குடுங்கம்மா. வேண்டிய மட்டும் குடுங்க."

இளவேனில் அந்த ஒரு சொல்லுக்காகவே பல வாரமாகக் காத்திருந்தவள் போல மேல் பெட்டியைக் கிழித்தாள். பூட்டும் இல்லை, புள்ளியும் இல்லை. ஜெரோமின் இரண்டு கையும் நிறைய ட்யூபை அள்ளி வைத்தாள். வைக்கும்போது அவர் விரலைத் தொட்டுத்தான் வைத்தாள். கை நிறைந்துவிட்டதால் அதை இறக்கினார். இயக்குநருக்கு மூச்சு வந்தது.

அப்போது சபையிலிருந்து ஒரு ஆள் எழுந்தார். தோல் பதனிடும் இடத்தில் வேலை பார்க்கும் மன்சூர். கழுத்து வரைக்கும் படை. மேடைப் படியில் ஏறிக்கொண்டே, "நானும் கொணமானவன்தான் சார். எனக்கும் கை குடுங்க" என்று வலது கையை நீட்டினார். அவருக்குப் பின்னால் கீரனூரிலிருந்து வந்த ஒரு அம்மா, "ஏனுங்க, என்னையும் கொணமாயிருச்சுன்னு எழுதியிருக்கீங்கல்லங்க" என்று எழுந்தார். பிறகு நாற்காலிகள் நகரும் சத்தம். மண்டபமே கையை நீட்டிக்கொண்டு எழுந்தது.

கூட்டம் முண்டியது. ஜெரோமுக்குக் கை தானாக வேலை செய்யத் தொடங்கியது. ட்யூபுகளைச் சால்வையில் முடிந்துகொண்டு படிக்கட்டில் நின்றார். "வரிசையா வாங்க. முன்னால போங்க, முன்னால போங்க. படியில நிக்காதீங்க. எல்லாருக்கும் உண்டு."

பொன்னுத்துரை கூட்டத்தை விலக்கிக்கொண்டு படிக்கட்டுக்கு வந்தார். செத்த நேரம் மேடையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏலே ஜெரோமு. நம்ம பாசஞ்சரு காச சீட்டுல வைப்பான். வச்சுட்டுக் கூடவே ஒக்காந்து வருவான். இவனுக இந்த ஓட்டம் ஓடுறானுக." மேடைப் பக்கம் கையைக் காட்டினார். "ஷெட்டுப் பேச்ச விட்டுரு. நாளைக்கு மொத நடை நீதான்" என்று சொல்லி, அவர் தோளைப் பிடித்து ஒருமுறை அழுத்திவிட்டுச் சாப்பாட்டுப் பக்கம் போனார்.

ஜெரோம் சால்வை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த ஆளை மேலே ஏற்றினார்.

மேடையில் இயக்குநர் கும்பிட்டபடி நின்றார். ஒவ்வொரு கையும் நீளும்போது அவர் கும்பிடு இன்னும் இறுகியது. பக்கத்தில் இளவேனில் பெட்டி பெட்டியாகக் கிழித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். மாலை போட்டிருந்த சாதனை மளமளவென்று கரைந்தது. தோள் வலித்ததோ என்னவோ, இயக்குநர் கழுத்தை மட்டும் திருப்பி, "இன்னும் எத்தனை பேர்ப்பா?" என்று ஜெரோமிடம் கேட்டார்.

ஜெரோம் எக்கி வாசல் வரைக்கும் பார்த்தார்.

"இன்னும் ஒரு வண்டி சனம் நிக்குது சார். கும்பிட்ட கைய எறக்கிராதீங்க."